ப்ராகில் பணம் மாற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஈ.சி. (யூரோசிட்டி) ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் செக் நாட்டுத் தலைநகரான ப்ராகில் இறங்கிவிடலாம். ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் மாஸ்டர்ஸ் படிக்கிற, இன்டர்ன்ஷிப் செய்கிற நம் பிள்ளைகள் நீண்ட வார இறுதி ஒன்று கிடைத்தால் கிளம்பிப் போகிற ஊர் அது. போய் வந்தவர்கள் கோட்டையையும் பாலத்தையும் பற்றிச் சொல்லி முடித்ததும், அடுத்து வருவது பணம் போன கதை. அந்தக் கதைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஊரில் கால் வைத்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், பணம் மாற்றும் கடையிலோ ஏடிஎம்மிலோ, செலவுக்கு வைத்திருந்ததில் ஒரு நல்ல பங்கு போயிருக்கும். கடையில் போன பணத்தை அன்றைக்கே முழுதாகத் திரும்ப வாங்கியிருக்கலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது என்பது தெரியாமல் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதுதான் வேதனை. அதற்காகவே இந்தப் பதிவு.

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது, கொருனாதான். ஒரு யூரோவுக்குச் சுமார் 24 முதல் 25 கொருனா. செக் தேசிய வங்கி வேலை நாட்களில் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு அன்றைய விகிதத்தைத் தன் இணையதளத்தில் போடும். கிளம்பும் முன் அதைப் பார்த்துக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அந்த ஓர் எண்ணை வைத்துத்தான்.

பழைய நகரச் சதுக்கம், வென்செஸ்லாஸ் சதுக்கம், இரண்டுக்கும் நடுவே உள்ள தெருக்கள், சார்லஸ் பாலத்துக்குப் போகும் வழி. சுற்றுலாப் பயணிகள் நடக்கும் இந்தத் தடம் முழுக்கப் பணம் மாற்றும் கடைகள்தான். பலகையில் பெரிய எழுத்தில் '0% கமிஷன்' என்றிருக்கும். அது பொய்யாக இருக்காது. கமிஷனே வாங்காமல் விகிதத்திலேயே எடுத்துக்கொண்டால் போயிற்று. பலகையில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். ஒன்று கடைக்காரர் யூரோவை உங்களுக்கு விற்கும் விலை, மற்றது உங்களிடமிருந்து வாங்கும் விலை. நீங்கள் யூரோ கொடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்குரியது 'வீ பை' என்ற வரிசை. கண்ணில் படும்படி எழுதியிருப்பதோ 'வீ செல்'. 25 என்று பார்த்து நம்பி உள்ளே போனவருக்குக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து 17 என்ற விகிதத்தில் பணம் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 யூரோ கொடுத்தால், 24.50 விகிதத்தில் 4900 கொருனா வர வேண்டும். 17 விகிதத்தில் வருவது 3400. போனது 1500 கொருனா, அதாவது 60 யூரோவுக்கும் மேல். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பிள்ளைக்கு அது ஒரு வாரத்துக்கு மேலான மளிகைச் செலவு.

இதைத் தடுக்க ஒரே ஒரு கேள்வி போதும். பணத்தைக் கையிலிருந்து விடுவதற்கு முன், "200 யூரோ கொடுத்தால் மொத்தம் எத்தனை கொருனா தருவீர்கள், எழுதிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கமிஷனும் வேண்டாம், விகிதமும் வேண்டாம், கைக்கு வரும் தொகை மட்டும். எழுதிக் காட்டிய எண்ணை 200ஆல் வகுத்துப் பாருங்கள். தேசிய வங்கியின் விகிதத்துக்கும் அதற்கும் அரை கொருனாவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். யோக்கியமான கடைகளும் அதே ஊரில், சில சமயம் அதே தெருவில் இருக்கின்றன. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் மட்டும் கண்டிப்பாக மாற்றாதீர்கள்.

ஏற்கெனவே மாற்றித் தொலைத்தாயிற்று என்றால்? 2019 ஏப்ரல் 1 முதல் அங்கே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை, மாற்றிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். வாங்கிய கொருனாவை முழுதாகத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் யூரோவை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இது கடைக்காரர் இஷ்டப்பட்டால் காட்டும் சலுகை அல்ல, உங்கள் உரிமை.

நடைமுறையில் இது எங்கே சறுக்குகிறது என்றால் ரசீதில். மாற்றிய நேரமும் கடையின் பெயரும் முகவரியும் உள்ள ரசீது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. ரசீது தருவது அவர்கள் கடமை. தராவிட்டால் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வாங்கியதும் அதையும் வெளியே உள்ள பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சந்தேகம் வந்த நொடியிலிருந்து அந்தக் கொருனாவில் ஒரு காபிகூட வாங்காதீர்கள், ஏனென்றால் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசியாக, நேரம். 'சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் வந்து கேட்கலாம்' என்று கோட்டை ஏறப் போனால் மூன்று மணி நேரம் அங்கேயே முடிந்துவிடும். கோட்டை எங்கும் போகாது, முதலில் கடைக்குத் திரும்புங்கள்.

திரும்பிப் போனால் எளிதில் ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேனேஜர் வர வேண்டும், சிஸ்டம் வேலை செய்யவில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்பார்கள். எதுவும் செல்லாது. சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல், மூன்று மணி நேரச் சட்டப்படி ரத்து செய்ய வந்திருக்கிறேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மறுத்தால் 158க்கு அழைத்துப் போலீஸைக் கூப்பிடுவேன், செக் தேசிய வங்கிக்கு எழுதுவேன் என்று சொல்லுங்கள். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது அந்த வங்கிதான், அபராதம் போடும் அதிகாரமும் அதற்கு உண்டு. பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொன்னதுமே பேச்சு மாறும். மாறாவிட்டால் சொன்னபடி செய்யுங்கள், வெறும் மிரட்டலாக விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பாதுகாப்பு எதுவும் தெருவில் மாற்றுபவர்களிடம் கிடையாது. கடைக்கு வெளியே பக்கத்தில் வந்து, "அங்கே போகாதீர்கள், ஏமாற்றுவார்கள், நான் நல்ல ரேட் தருகிறேன்" என்று ஒருவர் அக்கறையாகப் பேசுவார். அவர் எண்ணிக் கொடுக்கும் கட்டில் கொருனாவே இருக்காது. ஹங்கேரி ஃபோரின்ட், செல்லாமல் போன பழைய பெலாரஸ் ரூபிள், பழைய பல்கேரிய லெவ், இவைதான் இருக்கும். 1000 ஃபோரின்டின் மதிப்பு 70 கொருனாவைக்கூட எட்டாது. பூஜ்யங்களைப் பார்த்து ஏமாறாமல் நோட்டில் 'கொருன் செஸ்கீஹ்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1000 கொருனா நோட்டில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியின் படமும், 500இல் எழுத்தாளர் போஜெனா நெம்சோவாவின் படமும் இருக்கும். செக் நோட்டிலேயே செல்லாதவை உண்டு: 1 மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய பாதுகாப்புப் பட்டை கொண்ட பழைய நோட்டுகள் 2022 ஜூலை 1 முதல் செல்லாது. இப்போது புழங்குபவற்றில் பட்டை 3 மில்லிமீட்டர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும்.

தெருவில் மாற்றுபவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து "போலீஸ், பர்ஸைக் காட்டுங்கள், கள்ளநோட்டுச் சோதனை" என்றால் அதுவும் அதே கூட்டம்தான். உண்மையான போலீஸ் உங்கள் பர்ஸை வாங்கிப் பணத்தை எண்ணிப் பார்க்காது. கொடுக்காதீர்கள். ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசலாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று 158ஐ அழையுங்கள்.

உண்மையில் இவ்வளவு பணத்தைக் கையில் மாற்ற வேண்டிய தேவையே அந்த ஊரில் இல்லை. சின்னக் காபிக்கடையிலும் டிராமிலும்கூட கார்டு எடுப்பார்கள். இரண்டு நாளைக்கு 500 முதல் 1000 கொருனா கையில் இருந்தால் தாராளம். அதையும் ஏடிஎம்மில் எடுப்பதே நல்லது, ஆனால் எந்த ஏடிஎம் என்பதில் கவனம் வேண்டும். வங்கிக் கிளையின் சுவரிலேயே உள்ள செஸ்கா ஸ்போர்ஷிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்ற வங்கிகளின் ஏடிஎம்மைப் பாருங்கள். நினைவுப்பொருள் கடை ஓரத்திலும் ஹோட்டல் வாசலிலும் தனியாக நிற்கும், எந்த வங்கிக்கும் சேராத இயந்திரங்களைத் தவிருங்கள். அவை முதலில் பெரிய பெரிய தொகைகளைத்தான் திரையில் காட்டும். அடுத்து, "உங்கள் கணக்கில் யூரோவாகவே கழித்துக்கொள்ளட்டுமா, விகிதம் உறுதி" என்று கேட்கும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தான் பச்சையாகவும் பெரிதாகவும் இருக்கும். அதை அழுத்தினால் இயந்திரம் வைத்திருக்கும் விகிதம், பத்து விழுக்காடு வரை போய்விடலாம். மறுக்கும் பொத்தானை அழுத்துங்கள். பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்பதுபோல எழுதியிருந்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில்.

கடைகளின் கார்டு இயந்திரத்திலும் இதே கேள்வி வரும். எப்போதும் கொருனாவைத் தேர்ந்தெடுங்கள். சில கடைகளில் பணியாளரே உங்களைக் கேட்காமல் யூரோவை அழுத்திவிட்டு நீட்டுவார். திரையைப் பார்த்துவிட்டுக் கார்டை வையுங்கள். இந்தியாவில் வாங்கி வந்த ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ மட்டும் ஏற்றியிருந்தால், கொருனாவில் செலவு செய்யும் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். ஜெர்மன் வங்கிக் கார்டுக்கும் யூரோ அல்லாத நாணயத்துக்குக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணச்சீட்டு விஷயத்தில் யாரும் ஏமாற்றுவதில்லை, ஆனால் அபராதம் கட்டி வருபவர்கள் நிறைய. ஜெர்மனியின் உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் ஈ.சி. ரயிலில் செல்லாது, ப்ராகின் டிராமிலும் செல்லாது. காகிதச் சீட்டு வாங்கினால் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்தினால்தான் அது சீட்டு. மெட்ரோவில் கீழே இறங்கும் வழியில், டிராமில் உள்ளே ஏறியதும். டிராமுக்குள் கார்டு தட்டி வாங்கும் சீட்டுக்கு முத்திரை வேண்டாம். ஆப்பில் வாங்கினால் செயல்படுத்திய நொடியிலேயே செல்லுபடியாகிவிடாது, அதற்குச் சற்று நேரம் எடுக்கும். பரிசோதகரைப் பார்த்த பிறகு கைபேசியை எடுத்துப் பயனில்லை. காசில்லாமல் பயணம் செய்யும் எண்ணமே இல்லாத பிள்ளைகள், முத்திரை குத்தத் தெரியாமல் 1000 கொருனாவும் அதற்கு மேலும் கட்டியிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பழைய நகரச் சதுக்கத்துக் கடைகளில் தீயில் வாட்டும் பன்றித் தொடைக்கறிக்கு எழுதியிருக்கும் விலை ஒரு தட்டுக்கு அல்ல, 100 கிராமுக்கு. எதுவும் சொல்லாவிட்டால் 300, 400 கிராமை வெட்டித் தட்டில் போட்டுவிடுவார்கள், வெட்டியதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். "ஸ்டோ கிராமூ", அதாவது 100 கிராம், என்று முதலிலேயே சொல்லித் தராசைப் பாருங்கள். உணவகத்தில் கேட்காமலேயே மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் ப்ரெட்ஸலுக்கும் பில்லில் காசு வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். நியாயமான விலையில் செக் சாப்பாடு வேண்டுமானால் வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, அலுவலகம் போகிறவர்கள் சாப்பிடும் கடையில் 'பொலெட்னி மெனு' கேளுங்கள். சைவர்களுக்கு எங்கும் கிடைப்பது 'ஸ்மாஜெனி சீர்', பொரித்த பாலாடைக்கட்டி. 'பழைய பொஹீமியப் பாரம்பரியம்' என்று தெருவுக்குத் தெரு விற்கும் ட்ர்டெல்னிக் என்ற உருளை ரொட்டி, ப்ராக் தெருக்களில் பரவியது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். ருசிக்காகச் சாப்பிடலாம், பாரம்பரியம் என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இசைக்கும் அப்படியே. மொஸார்ட் காலத்து உடையும் வெள்ளை விக்கும் போட்டு நிற்பவர்கள் கச்சேரிச் சீட்டு விற்பார்கள். எந்தக் குழு, எந்த மண்டபம் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. அந்த ஊரில் உண்மையான இசையைக் கேட்காமல் திரும்புவது பெரிய இழப்பு. மொஸார்ட்டின் 'டான் ஜியோவானி' ஓபரா 1787 அக்டோபர் 29 அன்று முதன்முதலாக அரங்கேறிய எஸ்டேட்ஸ் தியேட்டர் இன்றும் நாடக மேடையாகவே இருக்கிறது. செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வீடு ருடோல்ஃபினும். இரண்டுக்கும் அவற்றின் சொந்த இணையதளத்திலோ டிக்கெட் கவுன்டரிலோ வாங்குங்கள், மாணவர் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். கோட்டையில் 26 வயது வரை மாணவர்களுக்குக் குறைந்த கட்டணம். மாணவர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். முற்றங்களில் நடக்கக் கட்டணமே இல்லை.

ஜேப்படி நடக்கும் இடங்கள் இரண்டு. 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தில் மணி அடித்து அப்போஸ்தலர் பொம்மைகள் சுற்றும்போது எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்க்கிற அந்த ஒரு நிமிடம். அடுத்தது கோட்டைக்குப் போகும் 22ஆம் எண் டிராம். நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. எல்லையில் ரயிலில் ஏறி ஆவணம் கேட்பார்கள், நகல் போதாது, அதனால் பாஸ்போர்ட்டையும் ஜெர்மன் வசிப்பிட அட்டையையும் அறையில் விட்டுப் போக முடியாது. இரண்டையும் முதுகுப்பையில் போடாதீர்கள். சட்டைக்குள் கழுத்தில் தொங்கும் பையில் வையுங்கள், படங்களை மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

தொலைந்துபோனால் முதல் வேலை போலீஸ் புகார். மூஸ்டெக் மெட்ரோவுக்குப் பக்கத்தில் யுங்மான் சதுக்கத்தில் உள்ள காவல் நிலையம் இரவும் பகலும் திறந்திருக்கும், வெளிநாட்டவர் புகாரை ஆங்கிலத்தில் சொல்ல ஏற்பாடு உண்டு. புகாரின் நகலை வாங்காமல் கிளம்ப வேண்டாம். அந்த நகலோடு மிலாடி ஹோராகோவே தெருவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். வார இறுதியில் தூதரகம் மூடியிருக்கும் என்பதால் அவசரத் தொலைபேசி எண்ணைக் கிளம்பும் முன்பே அதன் இணையதளத்திலிருந்து குறித்து வையுங்கள். வசிப்பிட அட்டையும் போயிருந்தால், உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி, புகாரின் நகலையும் இணைத்துவிடுங்கள்.