கொடுவாக்கத்தி அடிக்க: கொல்லன் பட்டறையா, லேத் பட்டறையா?

மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய்வருவது சுலபம். அதனால் கொடுவாக்கத்தி வேண்டுமென்றால் டவுனில் லேத், கிரைண்டர் வைத்திருப்பவரிடம் கொடுப்பதா, ஊர்க் கொல்லரிடமே அடிப்பதா என்ற கேள்வி வருகிறது.

லேத் பட்டறையில் அளவு பிசகாது. பூண், திருகாணி, வண்டி ஷாஃப்ட் எல்லாம் அங்கேதான். ஆனால் கத்தி வேறு சங்கதி. லொறி ஸ்பிரிங் தகட்டைக் கிரைண்டரில் தேய்க்கும்போது விளிம்பு நீலம் பாய்ந்தால் அவ்வளவுதான், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. எனக்கு ஒரு தடவை அப்படி வந்தது. பளபளவென்று அழகான கத்தி, இரண்டாம் நாளே பனைமட்டையில் மழுங்கிவிட்டது.

கொல்லர் அதே தகட்டைச் சிவக்கக் காய்ச்சி அடிப்பார். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 770 பாகை செல்சியசுக்கு, மேலே போனதும் எண்ணெயில் தோய்ப்பார். அப்போது இரும்பு கண்ணாடி போல, விழுந்தால் உடையும். அப்புறம் மெதுவாகச் சூடாக்கி, கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துவார். முதுகை நீலம் வரை விடுவார். அது வளைந்து கொடுக்க வேண்டுமே. இதைக் கண்ணால் பார்த்தே செய்வார்.

குறை உண்டு: சொன்ன நாளில் கிடைக்காது, பிடியும் கொஞ்சம் கோணல். நான் கத்தியைக் கொல்லரிடம் அடித்து, பூணை மட்டும் டவுனில் போட்டுக்கொள்கிறேன்.