சோற்றுக் கற்றாழையா, மரக் கற்றாழையா?

கும்பகோணம் பக்கம் எங்கள் கொல்லையில் இரண்டும் நிற்கின்றன. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் தயங்காமல் சோற்றுக் கற்றாழையை வையுங்கள். காரணம் மடல். அடிப்பக்கம் நாலு விரல் அகலம். தோலைச் சீவினால் சோறு கண்ணாடி மாதிரி கட்டியாக வரும். மடலை வெட்டியதும் சாய்த்து நிறுத்தி, மஞ்சள் பால் முழுவதும் வடிந்தபிறகு சோற்றை ஏழு தண்ணீரில் அலசுங்கள். அந்தப் பாலில் உள்ள அலோயின் என்ற பொருள் பேதியைக் கிளப்பிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

மரக் கற்றாழை தென்னாப்பிரிக்கச் செடி. தண்டு விட்டுக் கிளைத்து ஆள் உயரத்தையும் தாண்டும். மடல் ஒல்லி, அரிவாள் வளைவு, ஓரமெல்லாம் முள். ஒரு கரண்டி சோற்றுக்கு மடல் மடலாகச் சீவ வேண்டும், கை சலித்துவிடும். ஆனால் வேலிக்கு அருமை. தென்னாப்பிரிக்காவில் மாட்டுப்பட்டியைச் சுற்றியே நடுவார்கள். பூ செக்கச்சிவப்பு. சோற்றுக் கற்றாழைக்கு மஞ்சள்.

டெல்டாவில் இரண்டுக்கும் எதிரி ஐப்பசி அடைமழைதான். எங்கள் களிமண்ணில் தண்ணீர் தேங்கி ஒரு வரிசையே போயிற்று. மடலைத் தொட்டால் வெந்த கத்தரிக்காயாக அமுங்கியது. அதன்பிறகு மணல் கலந்த மேட்டுப்பாத்திதான். சோற்றுக் கற்றாழைக்குப் பக்கக்கன்றைப் பிரித்து நடலாம். மரக் கற்றாழையில் கிளையை வெட்டி, காயம் ஆற நாலு நாள் நிழலில் போட்டுவிட்டு ஊன்றினால் வேர் பிடிக்கும்.

ஆனைக் கற்றாழையை இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு குடும்பம். சாறு பட்டால் தோல் எரியும்.