ப்ளைவுட் தரைக்குச் சாயம் பூசி நாலு வருஷம்

மண்டபத்தில் எங்கள் மாடி அறைக்கு இரும்புச் சட்டம் அடித்து, 19 எம்.எம். மரைன் ப்ளை (ஈரம் தாங்கும் ப்ளைவுட், கடையில் '710' என்றால் எடுத்துத் தருவார்கள்) பரப்பியது 2021இல். மேலே வினைல் ஒட்டுவதாகத்தான் பேச்சு. கூரை வேலையிலேயே காசு கரைந்துவிட்டது. சரி, பலகையையே தரையாக்கிவிடுவோம் என்று நானே இறங்கினேன்.

முதல் தப்பு, உப்புத்தாள். 80ஆம் நம்பர் முரட்டுத் தாளை மெஷினில் மாட்டி அழுத்தித் தேய்த்ததில், காகிதம்போல இருக்கும் மேல் வெனீர் இரண்டு இடத்தில் கிழிந்து அடித்தாள் தெரிந்தது. 180க்குக் கீழே போகவே கூடாது. அப்புறம் வால்நட் சாயத்தை நேராகப் பூசினேன். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. "சாணி மெழுகின தரை மாதிரி இருக்குப்பா" என்றார் அம்மா. மறுநாள் வந்த ஆசாரி, "சீலரைத் தின்னர் விட்டு நீர்க்க ஒரு கை ஓட்டிட்டுச் சாயம் போடணும் தம்பி, பனியன் வேஸ்ட்ல துடைச்சு எடுக்கணும்" என்றார். சீலர் என்றால் மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு. மிச்சமிருந்த பாதி அறை அப்படித்தான் ஒரே நிறமாக வந்தது. பழைய பாதிமேல் கட்டில் கிடக்கிறது.

அதற்கு மேல் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ், மூன்று கோட். வார்னிஷ் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் இன்னொரு டப்பா என்று வரும். ஹார்டனர் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் இறுகிவிடும், அதனால் அவ்வப்போது வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். நான் பூசியது ஆனி மாசம், கச்சான் காற்று அடிக்கிற நேரம். ஜன்னலைச் சாத்தினால் தின்னர் நெடி மூச்சை அடைக்கிறது, திறந்தால் தென்கடல் மணல் ஈரக் கோட்டில் வந்து ஒட்டுகிறது. கடைசிக் கோட் இன்றும் காலில் நறநறக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் காய்வதும் தாமதம், வெண்மை படரும் வாய்ப்பும் உண்டு. எந்த பிராண்டு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, மாசி பங்குனியில் பூசுங்கள் என்பதுதான்.

நாலு வருஷத்தில் கட்டிலடி புதிதுபோலவே இருக்கிறது. படி ஏறி வரும் இடம் மட்டும் காலில் வரும் மணலால் தேய்ந்து வெளுத்துவிட்டது. போர் தண்ணீரில் துடைத்தால் வெள்ளைப் படலம் விழுகிறது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி ஒதுக்கி, துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கிறேன். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூக்கள் ஒரே வருஷத்தில் துருப்பிடித்துச் சுற்றிலும் பழுப்பு வட்டம் போட்டன, எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றினேன். ஜன்னலடி ஓரத்தில் பி.யு. தடவ மறந்திருந்தேன், சாரல் குடித்துத் தடித்துவிட்டது. 710 என்பதால் பலகை பிரியவில்லை.

வருகிற பங்குனியில் படிப்பக்கம் மட்டும் 320 போட்டுத் தேய்த்து இன்னொரு கோட் ஏற்ற வேண்டும். பழைய ஹார்டனர் பாதி டப்பா இருக்கிறதே என்று போன வாரம் மூடியைத் திறந்தால், உள்ளே கல்லாகிக் கிடக்கிறது.