டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை: ரத்தப் பரிசோதனைக்கு பேக்கேஜா, தனித்தனியா?

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர்களுக்குத் தரும் இந்தச் சிகிச்சையில் சில சமயம் மருந்தைவிட ரத்தப் பரிசோதனைதான் கையைக் கடிக்கும். கிளினிக்கின் மாதக் கட்டணத்தில் எல்லாம் அடக்கம் என்பார்கள், அது வசதிதான், தேதியை அவர்களே நினைவுபடுத்துவார்கள். ஆனால் முதல் வருடம் தாண்டி அளவு சீராகிவிட்டால் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தாலே போதும், அப்புறமும் மாதாமாதம் கட்டுவது எதற்கு?

மருத்துவரிடம் சீட்டு வாங்கி நேரே லேபில் கட்டினால் தேவையானதுக்கு மட்டும்தான் காசு. மொத்த டெஸ்டோஸ்டிரோன், ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு), வயதைப் பொறுத்து பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனை), பெரும்பாலும் அவ்வளவுதான். பெரிய ஹார்மோன் பட்டியலை நீட்டினால் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். ஒரே சிக்கல், ரத்தம் கொடுக்க வேண்டிய தேதியை நீங்களே கணக்கு வைக்க வேண்டும்: வாரம் ஒரு ஊசி என்றால் இரண்டு ஊசிக்கு நடுவில் ரத்தம் கொடுக்கணும், ஊசி போட்ட மறுநாளே போனால் எண் எகிறி நிற்கும், மறுபடியும் செலவு.

என்னைக் கேட்டால் முதல் வருடம் பேக்கேஜ், பிறகு தனித்தனி. காசை மிச்சம் பிடிக்க ஹீமடோக்ரிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தையே நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.