விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: புரூஃப் ஒன்று, கைக்கு வந்தது வேறு

மதுரையில் சுங்குடிப் புடவை விற்கிறேன். ஆயிரம் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தேன். அச்சடிக்கும் முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி, அதாவது புரூஃப், வாட்ஸ்அப்பில் வந்தது. அது சரியாக இருந்தது. இமெயில், கேட்டலாக் லிங்க், முகவரி எல்லாம் நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்ததால் சம்மதம் சொல்லி முழுப் பணமும் கட்டினேன். கைக்கு வந்த கார்டில் பெயர் முதல் லிங்க் வரை அத்தனையும் கேப்பிடல் எழுத்து! "அப்பத்தாம்மா ரிச்சா இருக்கும், டிசைனர் கடைசியில மாத்திட்டாரு" என்றார் ஓனர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லிங்க் வேலை செய்யவில்லை என்றதும், "நெட்டுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணுதான்" என்று சாதித்தார். இதில் பாதிதான் உண்மை. டொமைன் பெயரை எப்படி அடித்தாலும் போய்ச் சேரும். இமெயிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் டொமைனுக்கு அப்புறம் சாய்வுக்கோடு போட்டு வருகிற பகுதி எல்லா இடத்திலும் அப்படியில்லை. பிட்லி போன்ற சுருக்கிய லிங்கிலும் கூகுள் டிரைவ் லிங்கிலும் ஒரே ஒரு எழுத்து பெரிதானாலும் அது வேறு முகவரி. என் கார்டைப் பார்த்து அடித்தால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வருகிறது. இமெயிலிலோ ஓ எது, பூஜ்யம் எது என்று எனக்கே தெரியவில்லை.

முகவரியில் செய்தது இன்னும் மோசம். வடக்கு மாசி வீதியில் இருக்கிறது என் கடை. இடம் போதவில்லை என்று 'வடக்கு' என்பதையே எடுத்துவிட்டு, 'ஸ்ட்ரீட்' என்பதையும் சுருக்கி 'மாசி எஸ்டி' (MASI ST) என்று ஆக்கிவிட்டார்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நாலு மாசி வீதி இருப்பது மதுரையில் கடை வைத்திருக்கும் அச்சகத்துக்குத் தெரியாதா? சின்னாளப்பட்டியிலிருந்து கார்டைப் பார்த்து அனுப்பிய துணி தெற்கு மாசி வீதியில் அலைந்துவிட்டு வந்தது.

லேண்ட்லைனை '+91 0452' என்று போட்டிருக்கிறார்கள். +91 போட்டால் எஸ்டிடி கோடின் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். சிங்கப்பூர் வாடிக்கையாளர் கார்டில் உள்ளபடியே அடித்துப் பார்த்து, லைன் கிடைக்காமல் விட்டுவிட்டார்.

புரூஃபைக் காட்டி மறுபடி அடித்துத் தரச் சொன்னேன். முடியாதாம். தப்பான இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவாராம், அதற்கும் தனிக் காசாம்.

தயவுசெய்து அச்சுக்குப் போகிற கடைசி பிடிஎஃப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் லிங்கைத் தொட்டுப் பார்ப்பது போதாது. கண்ணால் பார்த்து, போனில் எழுத்தெழுத்தாக அடித்துப் பாருங்கள். பில்லில் 'புரூஃபில் உள்ளபடி' என்று எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணத்தைக் கார்டு கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் புகார் செல்லாது என்றும் ஓனர் பயமுறுத்திப் பார்த்தார். சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்கும் பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது, அவரும் நுகர்வோர்தான். புரூஃப், பில், கார்டு மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.