விவிட்டார் 283-உம் டிஜிட்டல் கேமராவும்: எட்டு வருட அனுபவம்

அப்பாவின் பிலிம் கேமரா பையிலிருந்து எனக்குக் கிடைத்தது இந்த விவிட்டார் 283 பிளாஷ். எட்டு வருடமாக டிஜிட்டல் கேமராவுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு தடவைகூட கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே பிளாஷ் மாட்டும் இடம்) நேரடியாக மாட்டியதில்லை.

காரணம் ட்ரிகர் வோல்டேஜ், அதாவது பிளாஷின் தொடுமுனை வழியாகக் கேமராவுக்கு வரும் மின்னழுத்தம். பழைய மெக்கானிக்கல் கேமராவில் ஷட்டருக்குள் இரண்டு உலோகத் தொடுமுனைகள் ஒட்டும், பிளாஷ் அடிக்கும், அவ்வளவுதான். இருநூறு வோல்ட்டையும் அவை தாங்கிவிடும். டிஜிட்டல் கேமராவில் அந்த வேலையைச் செய்வது மின்னணுச் சுற்று. தாங்கும் அளவும் கேமராவுக்குக் கேமரா மாறும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் கையேடுகள் 250 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, நெகட்டிவ் வோல்டேஜும் கூடாது என்கின்றன. கேனானின் ஆரம்பகால டிஜிட்டல் பாடிகளுக்குச் சொல்லப்பட்ட வரம்பு வெறும் 6 வோல்ட்.

அளப்பது எளிது. புது பேட்டரி போட்டு ஆன் செய்தேன். சார்ஜ் ஏறும் கீச்சொலி மெல்ல உயர்ந்து அடங்கியது, ரெடி லைட் எரிந்தது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளாஷின் அடிப்பாகத்தில் உள்ள நடுப்புள்ளியிலும், கறுப்பு முனையைப் பக்கவாட்டு உலோகத்திலும் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போய் 234-இல் நின்றது. கை தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. பிறகு பழையதாக வாங்கிய இன்னொரு 283, பார்க்க அச்சு அசல் இதே மாதிரி, காட்டியது 8.6. 283-இல் பழைய தயாரிப்புகளுக்கு வோல்டேஜ் அதிகம், பிந்தையவற்றுக்குக் குறைவு. அதனால் மாடல் பெயரை நம்பாதீர்கள், உங்கள் கையில் இருப்பதை அளந்து பாருங்கள்.

பழைய பிளாஷை அளக்காமல் கேமராவில் மாட்டிய நண்பர் ஒருவருக்கு அன்று மாலை முழுக்க எல்லாம் சரியாகவே வேலை செய்தது. மறுநாள் அந்த ஹாட் ஷூவில் எந்த பிளாஷும் அடிக்கவில்லை. ஒரு தரம் அடித்துவிட்டது என்பதற்காகப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கேமராவிலிருந்து கம்பியில்லாமல் சிக்னல் வாங்கி பிளாஷை அடிக்க வைக்கும், 300 வோல்ட் தாங்கும் ரேடியோ ரிசீவரில் மாட்டி, பிளாஷைத் தள்ளி வைத்துவிடுகிறேன். ரிசீவருக்கும் வரம்பு உண்டு, பார்த்து வாங்குங்கள். கேமராவிலேயே மாட்ட வேண்டுமென்றால் வெய்ன் சேஃப்-சிங்க் போன்ற, வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் இருக்கிறது. (கேனானின் சில பாடிகளில் ஹாட் ஷூவின் நடுப்புள்ளியே கிடையாது, அவற்றில் சாதாரண ரேடியோ ட்ரிகரும் வேலை செய்யாது.)

டிடிஎல் (லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அளந்து கேமராவே பிளாஷைக் கட்டுப்படுத்தும் வசதி) இல்லாதது பெரிய குறையாகத் தோன்றவில்லை. கேமரா எம் (மேனுவல்) மோடில், ஷட்டர் 1/160, பிளாஷ் டயல் சொல்லும் அப்பர்ச்சர். போதுமான வெளிச்சம் திரும்பி வந்ததும் பிளாஷின் சென்சாரே நிறுத்திவிடும். பக்கவாட்டிலிருந்து விழும் அந்த வெளிச்சத்தில் முகங்களுக்கு வரும் ஆழம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி நாலைந்து தடவை அடித்து, பேட்டரியைக் கழற்றி வைக்கிறேன். சும்மா கிடந்தால் சார்ஜைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் கெட்டுவிடும். பேட்டரி கழற்றிய பிறகும் அதற்குள் முந்நூறு வோல்ட் தேங்கி நிற்கலாம் என்பதால், உறையைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், அப்பாவுடையதன் அடியில் டேப் ஒட்டிச் சிவப்பு மையில் 234 என்று எழுதி வைத்திருக்கிறேன்.