சர்ஃப் பலகையைப் படகுப் பட்டறையில் கொடுக்கும் முன்

மொட்டைமாடியில் நானே இழைத்துச் செய்த 6 அடி 4 அங்குலச் சர்ஃப் பலகையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்து, 7,500 ரூபாயையும் பலகையின் வால்பகுதியையும் சேர்த்து இழந்தேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே தவறு வேறு எந்தப் பட்டறையிலும் நடக்கலாம் என்பதால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பலகையில் குறை இருந்தது உண்மை. வாலுக்குச் சற்று முன்னால், அடிப்பக்கத்தில் இழைப்புளி ஆழமாக இறங்கி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாதி வடிவத்தை அட்டையில் வெட்டி இருபுறமும் திருப்பிப் போட்டு வரையாமல் கண்ணளவில் வரைந்ததால், இடது ஓரம் வலது ஓரத்தைவிடக் கால் அங்குலம் அகன்றும் விட்டது. பள்ளத்தை நிரப்பி, மூன்று ஃபின்களை (பலகை வழுக்காமல் நேராகப் போக அடியில் செருகும் சிறு துடுப்புகள்) மாட்டுவதற்கான பெட்டிகளைப் பதித்துத் தர வேண்டும் என்பதே நான் கேட்ட வேலை. உள்ளே இருப்பது தெர்மோகோல், மேலே எபாக்சி என்ற ரெசின் (பூசியபின் கெட்டியாகும் பிசின்) என்று விளக்கி, மீதமிருந்த எபாக்சியையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் டப்பாவோடு கொடுத்து, வேறு ரெசினைத் தொடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். “ரெசின் எல்லாம் ஒண்ணுதான் சார், இருபது வருஷமா போட்டு வேலை பாக்குறோம்” என்றார் மேஸ்திரி.

படகைப் பொறுத்தவரை அவர் பேச்சில் பிழையில்லை. அங்கே புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் படகை ஒன்றும் செய்யாது, பாலியூரித்தேன் நுரையில் செய்த பலகையையும் ஒன்றும் செய்யாது, ஆனால் தெர்மோகோலைக் கரைத்துவிடும். நான்காம் நாள் பலகையை வாங்கியபோது வால்பகுதியில் படகுப் பட்டறையின் நெடி வீசியது. எபாக்சிக்கு அந்த நெடி கிடையாது என்று தெரிந்திருந்தும், பட்டறையில் கிடந்ததால் ஒட்டிய வாசனை என்று நினைத்துவிட்டேன். என் டப்பா திறக்கப்படாமலே திரும்பி வந்ததையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

கோவளத்தில் இரண்டாவது அலையிலேயே இடது பெட்டி ஆடத் தொடங்கியது. கரையேறி அழுத்திப் பார்த்தால் உள்ளே போய் வந்தது. வீட்டில் அறுத்துத் திறந்தபோது பெட்டியைச் சுற்றிக் கட்டைவிரல் நுழையும் அளவு வெற்றிடம் இருந்தது; தெர்மோகோல் சுருங்கி, மஞ்சளாக, உருகிய மெழுகைப் போல ஓரமெல்லாம் ஒட்டிக்கிடந்தது. அதன் வழியே உள்ளே போன கடல்நீர் இரண்டு நாள் சொட்டியது. பள்ளத்தை நிரப்பியிருந்தது கார்களுக்குப் போடும் பட்டி. அதுவும் பாலியெஸ்டர்தான். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காத எபாக்சியின்மேல் அது பிடிக்காது என்பதால் நகத்தால் நெம்பியதும் பொருக்காகப் பெயர்ந்தது. எடை குறைந்த நிரப்புப் பொருளான நுண்குமிழித் தூளை எபாக்சியில் குழைத்து அப்பியிருந்தால் எடையும் குறைந்திருக்கும், ஒட்டியும் நின்றிருக்கும்.

ஃபின் விஷயம் இதைவிடக் கொடுமை. முதலில் ஐந்து பெட்டி போடச் சொல்லி வற்புறுத்தினார்கள்; பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கும்போது அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தது. 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் சர்ஃப் போட்டியில் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் பலகையில் வென்ற பிறகு உலகமே பெரும்பாலும் அந்த அமைப்புக்கு மாறியது. என்னைப் போன்றவருக்கு அதுவே போதும். (மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபினில் 1979 முதல் 1982 வரை நான்கு உலக சர்ஃப் பட்டங்கள் வாங்கினார் என்றால், அவர் மார்க் ரிச்சர்ட்ஸ்.) தெர்மோகோல் பலகையில் போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல் என்பதையும் மறக்கக் கூடாது.

பக்க ஃபின்களின் பின்விளிம்பு வால்நுனியிலிருந்து 11 அங்குலத்தில் வர வேண்டும், இரண்டின் முன்விளிம்பும் நடுக்கோட்டை நோக்கிக் கால் அங்குலம் உள்வாங்கியிருக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டே கொடுத்திருந்தேன். அவர்கள் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, இரு ஓரங்களிலிருந்தும் சமமாக அளந்து பதித்திருந்தார்கள். ஓரமே கோணலாக இருக்கும் பலகையில் அப்படி அளந்தால் இடது ஃபின் நடுக்கோட்டைவிட்டு விலகித்தான் நிற்கும். அளவை நடுக்கோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். போதாததற்கு இடது பெட்டி நடுக்கோட்டுக்கு இணையாகவும் வலது பெட்டி உள்வாங்கியும் இருந்ததால், பலகை நேராகப் போக மறுத்து ஒரு பக்கமாகவே இழுத்தது. அவர்களிடமே வாங்கிய ஃபின்களில் பக்கத்துக்கானவை இரண்டும் இடதுபக்க ஃபின்கள் என்பதையும் அன்றுதான் கண்டேன். தட்டையான முகம் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும்; வலதுபக்கம் அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க செஞ்ச பலகையே கோணல் சார்” என்று சொல்லிவிட்டார்கள். கோணல் என் வேலைதான், மறுக்கவில்லை. தெர்மோகோல் கரைந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டபோது பதில் இல்லை. தெர்மோகோல் துண்டு ஒன்றை எடுத்துப்போய் அவர்கள் ரெசினை அதன்மேல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். சில நிமிடங்களில் குழி விழுந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார், பக்கத்திலிருந்த பையனைப் பார்த்தார், டீ சொல்லிவிட்டார். டீக்கு மட்டும் காசு வாங்கவில்லை.